கம்பைலரை வீட்டுக்குள் வைப்பதா, வெளியே விடுவதா? மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

போன மாதம் ஒரே கேள்வி மூன்று ஊர்களிலிருந்து வந்தது. பண்டாரவளையில் ஒரு பாடசாலை ஆசிரியர். யாரோ கழித்துக்கொடுத்த பன்னிரண்டு கணினிகளில், டெபியன் என்னும் லினக்ஸை அடித்தளமாக வைத்துத் தமிழ் முகப்போடு ஓர் இயங்குதளம் போட்டுக்கொண்டிருக்கிறார். பதுளையில் இறுதியாண்டு படிக்கும் ஒரு தங்கச்சி. தன் திட்டப்பணிக்கு ஓர் இயங்குதளத்தை மூலநிரலிலிருந்து முழுசாகக் கட்டிப் பார்க்க வேண்டும் என்கிறாள். தலவாக்கலையில் மூன்று தம்பிமார். பிரீபிஎஸ்டி என்னும் திறமூல இயங்குதளத்தில் ஏற்கெனவே நாலைந்து மென்பொருள் பொதிகளைப் பராமரிக்கிறார்கள், இப்போது கம்பைலர் பக்கம் கை வைக்க ஆசை. சுற்றி வளைத்து எல்லாரும் கேட்டது இதுதான்: கம்பைலரையும் லிங்கரையும் இயங்குதளத்தோடு சேர்த்து நாமே பராமரிக்க வேண்டுமா? வேண்டுமானால் எதை, எப்படி?

தம்பிமாருக்கு நான் அனுப்பிய குரல்பதிவு இருபது நிமிடம் ஓடியது. "அக்கா, இதை எழுத்தில் போடுங்கள். பாதி காற்றில் போய்விட்டது" என்றார்கள். ஹட்டனில் வாசலில் நின்று பேசினால் அப்படித்தான். அதனால் இது.

புதியவர்களுக்கு இரண்டு வரி. சி மொழியில் எழுதியதை இயந்திரக் குறியாக மாற்றுவது கம்பைலர். அது கோப்பு கோப்பாகத்தான் மாற்றும். அந்தத் துண்டுகளையும் நூலகங்களையும் கோத்து, ஓடக்கூடிய ஒரே கோப்பாக ஆக்குவது லிங்கர். கூடவே அசெம்பிளர், நிரல் ஓடும்போது தேவைப்படும் இயக்கநேர நூலகங்கள். எல்லாம் சேர்ந்தது டூல்செயின். இயங்குதளத்தில் இருக்கும் ஒவ்வொரு நிரலும் இதன் வழியாகத்தான் வந்தாக வேண்டும். இங்கே ஒரு சின்னப் பிழை விழுந்தால் அது ஆயிரம் இடத்தில் முளைக்கும்.

## எதை வைத்து அளப்பது

எல்லாரும் முதலில் கேட்பது "எந்தக் கம்பைலர் வேகமான நிரலைத் தரும்?" என்று. அதை நான் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. ஜிசிசி, கிளாங் என்னும் இரண்டு பெரிய கம்பைலர்களுக்கும் உள்ள வேக வித்தியாசம் நிரலுக்கு நிரல் இந்தப் பக்கமும் சாயும், அந்தப் பக்கமும் சாயும். பாடசாலைக் கணினியில் அதை யாரும் உணரப்போவதில்லை.

நான் பார்ப்பவை ஐந்து. முதலாவது கட்டும் செலவு: நேரம், நினைவகம், கரண்ட், டேட்டா. இரண்டாவது, எந்தெந்த வகை இயந்திரங்களுக்குக் கட்ட முடியும் என்பது. மூன்றாவது, மூலத் திட்டம் (கம்பைலரை எழுதும் குழு) எத்தனை மாதத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு விடுகிறது, பழையதை எவ்வளவு காலம் கவனிக்கிறது என்பது. நான்காவது உரிமம். ஐந்தாவது, கம்பைலரை மாற்றிய மறுநாள் எத்தனை நிரல்கள் கட்டப்படாமல் நிற்கும், அவற்றைத் திருத்த யார் இருக்கிறார்கள் என்பது.

முதல் நான்கையும் ஒரு தட்டில் வைத்தாலும் ஐந்தாவது இருக்கும் தட்டுத்தான் தாழும். ஏன் என்று சொல்கிறேன்.

2020-இல் வந்த ஜிசிசி 10 ஒரே ஒரு இயல்பை மாற்றியது. ஒரு பொது மாறியைத் தலைப்புக் கோப்பில் (பல நிரல் கோப்புகள் பகிர்ந்துகொள்ளும் அறிவிப்புக் கோப்பு) கவனமில்லாமல் வரையறுத்து, அந்தக் கோப்பைப் பத்து இடத்தில் சேர்த்துக்கொண்டால், அதுவரை எல்லாம் ஒரே மாறியாக ஒட்டப்பட்டு நிரல் ஓடிக்கொண்டிருந்தது. பத்தாம் பதிப்பிலிருந்து லிங்கர் "இது பலமுறை வரையறுக்கப்பட்டிருக்கிறது" என்று நிறுத்திவிட்டது. 2023-இல் கிளாங் 16, அறிவிக்காத செயற்கூற்றை (ஃபங்ஷனை) அழைத்தால் வெறும் எச்சரிக்கையோடு விடாமல் பிழை என்றது. 2024-இல் ஜிசிசி 14-உம் அதே வழிக்கு வந்தது. பொருந்தாத சுட்டிகளை (பாயிண்டர்களை) ஒன்றுக்கொன்று மாற்றிப் போடுவதும் பிழையாகிவிட்டது. 2025-இல் ஜிசிசி 15, வேறு எதுவும் சொல்லாவிட்டால் சி23 தரத்தின்படி படிக்கிறது. அதில் செயற்கூற்றின் பெயருக்குப் பின் வெற்று அடைப்புக்குறி இருந்தால் 'உள்ளீடு எதுவும் கிடையாது' என்றே பொருள். பழைய சி-யில் அது 'என்ன உள்ளீடு என்று இப்போது சொல்லவில்லை' என்றுதான் இருந்தது. அந்தப் பழக்கத்தில் எழுதிய நிரல்கள் ஒவ்வொன்றாக விழும்.

இவையெல்லாம் கத்தும் உடைவுகள். கத்தினால் பரவாயில்லை, போய்ப் பார்க்கலாம். கத்தாத உடைவுதான் ஆளைத் தின்னும். பழைய மென்பொருள்கள் கட்டப்படுவதற்கு முன் ஒரு சோதனைச் சுற்று ஓட்டும்: சின்னதாக ஒரு நிரலை எழுதி, அது கம்பைல் ஆனால் "இந்த வசதி இருக்கிறது" என்று குறித்துக்கொள்ளும். அந்தச் சோதனை நிரலே தலைப்புக் கோப்பைச் சேர்க்காமல் எழுதப்பட்டிருந்தால்? புதுக் கம்பைலர் அதைத் தள்ளிவிடும். சோதனைச் சுற்று "வசதி இல்லை" என்று முடிவு செய்துகொண்டு, அந்த வசதியில்லாமலே மென்பொருளைச் சமர்த்தாகக் கட்டி முடிக்கும். எனக்கு இப்படித்தான் ஒரு திரைக்கருவி அகப்பட்டது. கட்டியது, ஓடியது, ஆங்கிலத்தில் ஒரு குறையும் இல்லை. தமிழில் மட்டும் வரிகள் கோணலாக நின்றன. எழுத்தின் அகலத்தை அளக்கும் செயற்கூறு 'இல்லை' என்று குறிக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் போயிற்று. நான் அதுவரை எழுத்துருவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பெரிய திட்டங்கள் இதற்கென்றே ஒரு சடங்கு வைத்திருக்கின்றன. டெபியனில் புது ஜிசிசி வருமுன் களஞ்சியம் முழுவதையும் அதனால் ஒருமுறை கட்டிப் பார்த்து, விழுந்தவற்றுக்கெல்லாம் பிழை அறிக்கை போடுகிறார்கள். பிரீபிஎஸ்டியிலும் புது எல்எல்விஎம் (கிளாங் அடங்கிய கம்பைலர் திட்டம்) உள்ளே வருமுன் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட பொதிகளில் பரிசோதனை ஓட்டம் நடக்கிறது. உங்களிடம் அந்த ஆட்களும் கணினிகளும் இருக்கிறார்களா? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு மேலே வாருங்கள்.

## வழி 1: எல்எல்விஎம்மை இயங்குதளத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வது

எல்எல்விஎம், கிறிஸ் லாட்னர் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது தொடங்கிய வேலை. முதல் வெளியீடு 2003-இல். கிளாங் 2007-இல் திறமூலமாக வந்தது. அதே ஆண்டில்தான் ஜிசிசி, ஜிபிஎல் (பிறருக்குக் கொடுத்தால் மூலநிரலையும் கொடுக்கச் சொல்லும் உரிமம்) மூன்றாம் பதிப்புக்கு மாறியது. பிரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டி அடங்கிய பிஎஸ்டி குடும்பத்தில் பலருக்கு அந்த உரிமம் ஒத்துவரவில்லை. பிரீபிஎஸ்டி, பழைய உரிமத்தில் வந்த கடைசிப் பதிப்பான ஜிசிசி 4.2.1-உடன் அப்படியே நின்றுவிட்டது. 2014-இல் வந்த பிரீபிஎஸ்டி 10-இல் சாதாரணக் கணினிகளுக்குக் கிளாங் இயல்பான கம்பைலர் ஆயிற்று. பழைய ஜிசிசி முழுசாக வெளியேறியது 2021-இல், 13-ஆம் பதிப்பில். ஒரு கம்பைலரை மாற்றி முடிக்கப் பல ஆண்டு, அதுவும் அத்தனை பேர் இருக்கிற திட்டத்தில். இதை மனதில் வையுங்கள்.

இந்த வழியின் அழகு ஒருமைப்பாடு. கம்பைலர், எல்எல்டி லிங்கர், சி++ நூலகம் எல்லாம் ஒரே களஞ்சியம், ஒரே பதிப்பு எண். கேர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதைக் கட்டும் கம்பைலரும் ஒன்றாகவே சோதிக்கப்படுகின்றன. இன்னொரு வசதி, ஒரே கிளாங் பல வகை இயந்திரங்களுக்குக் குறி எழுதும். 64 பிட் கணினியில் உட்கார்ந்துகொண்டு ஆம் (ARM) சில்லு உள்ள பலகைக்குக் கட்ட இன்னொரு கம்பைலர் தேவையில்லை. தலைப்புக் கோப்புகளும் நூலகங்களும்தான் வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு? யானையைக் கட்டித் தீனி போடுவதுதான். மூலப் பொதி சுருக்கிய நிலையிலேயே 120 எம்பிக்கு மேல். பிழைதிருத்தத் தகவலோடு கட்டினால் வட்டில் 15 முதல் 20 ஜிபி வரை கேட்கும் என்று திட்டத்தின் ஆவணமே சொல்கிறது. கடைசியில் லிங்க் ஆகும்போது ஒவ்வொரு லிங்க் வேலையும் பல ஜிபி நினைவகத்தை விழுங்கும். நாலு லிங்க் ஒரே நேரத்தில் ஓடினால் 8 ஜிபி கணினி மூச்சுத் திணறி நிற்கும். லிங்க் வேலைகளின் எண்ணிக்கையை மட்டும் ஒன்றாகக் குறைக்க ஒரு தெரிவு உண்டு. முதல் நாளே அதைப் போட்டுவிடுங்கள்.

கரண்ட் விஷயம் தனி. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததே, அந்த நாட்களில்தான் நான் எல்எல்விஎம் கட்டப் புறப்பட்டேன். கட்டுமானத்தை ஓட்டும் நிஞ்சா என்ற கருவி விட்ட இடத்திலிருந்து தொடரும் என்பது உண்மை. ஆனால் கரண்ட் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த கோப்புகள் பூச்சிய அளவில் வட்டில் கிடக்கும். அவை கட்டி முடிந்தவை என்று எண்ணி அது மேலே போய்விடும். மூன்று மணிநேரம் கழித்து லிங்கர் வந்து "இந்தக் கோப்பின் வடிவம் புரியவில்லை" என்று சொல்லும். இப்போதெல்லாம் தொடருமுன் வெற்றுக் கோப்புகளைத் தேடி அழித்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். ஐப்பசி இடி மாதத்தில் இது தினசரி வேலை.

பராமரிப்பவருக்குத் தெரியும் இன்னொரு செலவு உண்டு. எல்எல்விஎம் தன்னைக் கட்ட சிமேக் என்ற கட்டுமானக் கருவியைப் பயன்படுத்துகிறது. பிரீபிஎஸ்டியின் அடித்தளம் அதைப் பயன்படுத்துவதில்லை; சொந்தமாக எழுதிய கட்டுமான விதிகளில் கோப்புகளைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் எந்தக் கோப்பு புதிதாக முளைத்தது, எது போனது என்று பார்த்து அந்தப் பட்டியலைத் திருத்த வேண்டும். பதிப்போ ஆறு மாதத்துக்கு ஒன்று. புதியது வந்ததும் முந்தையதை மூலத் திட்டம் கைவிட்டுவிடும்.

இயந்திரங்கள் விஷயத்திலும் ஒரு விலை கொடுத்தார்கள். ஸ்பார்க்64 என்ற இயந்திர வகையைப் பிரீபிஎஸ்டி கைவிட்டது பழைய ஜிசிசியை வெளியேற்றியபோதுதான்.

எப்போது இது நல்லது: உரிமம் உண்மையிலேயே தடையாக இருக்கும்போது, 64 பிட் கணினிகளும் ஆம் பலகைகளும் மட்டும் போதும் என்னும்போது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதற்கென்றே உட்கார ஓர் ஆள் இருக்கும்போது.

## வழி 2: ஜிசிசியையும் பின்யூட்டில்ஸையும் உள்ளே வைத்துக்கொள்வது

பின்யூட்டில்ஸ் என்பது ஜிசிசியோடு சேர்ந்து வேலை செய்யும் லிங்கர், அசெம்பிளர் தொகுப்பு. நெட்பிஎஸ்டி இந்த வழியில் போகிறது. ஜிபிஎல் மூன்றாம் பதிப்பைக் கண்டு அவர்கள் பின்வாங்கவில்லை. ஜிசிசியைப் புதுப்பித்துக்கொண்டே வந்தார்கள். 2024-இல் வந்த நெட்பிஎஸ்டி 10-இல் இருப்பது ஜிசிசி 10.5.

உரிமம் பற்றிப் பலருக்கு ஒரு தேவையில்லாத பயம் உண்டு: "ஜிசிசியால் கட்டினால் என் நிரலும் ஜிபிஎல் ஆகிவிடுமா?" ஆகாது. நிரலோடு ஒட்டிக்கொண்டு போகும் இயக்கநேர நூலகத்துக்கென்றே ஒரு விதிவிலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். உரிமம் கட்டுப்படுத்துவது கம்பைலரையே, மாற்றியோ மாற்றாமலோ, பிறருக்குக் கொடுப்பவரை.

இந்த வழியில் எனக்கு மிகப் பிடித்தது நெட்பிஎஸ்டியின் கட்டுமான ஸ்கிரிப்ட். அதை டெபியனிலோ வேறு எதிலோ, ரூட் (நிர்வாகி) அனுமதி இல்லாமலே ஓட்டலாம். முதலில் இலக்கு இயந்திரத்துக்கான கம்பைலரையும் லிங்கரையும் தானே கட்டிக்கொள்ளும். பிறகு அவற்றால் இயங்குதளம் முழுவதையும் கட்டும். உங்கள் கணினியில் ஏற்கெனவே என்ன பதிப்புக் கம்பைலர் இருக்கிறது என்பது கிட்டத்தட்ட ஒரு பொருட்டே இல்லை. பழைய 32 பிட் கணினிக்கான இயங்குதளத்தை அந்தக் கணினியிலேயே கட்ட வேண்டியதில்லை. 64 பிட் கணினி ஒன்றில் கட்டி யூஎஸ்பியில் எடுத்துப் போகலாம். 32 பிட் கணினியில் எவ்வளவு நினைவகம் போட்டாலும் ஒரு நிரலுக்கு 4 ஜிபிக்கு மேல் முகவரி கிடையாது. பெரிய லிங்க் வேலைகள் அங்கே முட்டி நின்றுவிடும். அதனால் இது வெறும் சௌகரியம் இல்லை, தேவை.

இயந்திர வகைகளில் ஜிசிசிக்கு நிகரில்லை. வாக்ஸ், ஆல்ஃபா, எச்பிபிஏ என்று நூதனசாலை இயந்திரங்களுக்கெல்லாம் குறி எழுதும். அது நமக்கு எதற்கு என்றால், எதற்கும் இல்லை. ஆனால் 32 பிட் பென்டியம் நமக்கு வேண்டும். அதுவும் இப்போது மெல்ல நூதனசாலைப் பக்கம் நகர்கிறது.

செலவு பக்கம்: ஜிசிசி ஒரு திட்டம், பின்யூட்டில்ஸ் இன்னொரு திட்டம். கூடவே ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்று மூன்று கணித நூலகங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிக் காலண்டர். ஜிசிசி ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு, பின்யூட்டில்ஸ் ஆறு மாதத்துக்கு ஒன்று. ஜிசிசி பழைய கிளைகளைச் சில ஆண்டுகள் கவனிக்கும் என்பது சின்னக் கூட்டத்துக்குப் பெரிய ஆறுதல். எல்எல்விஎம்மில் அந்த ஆறுதல் கிடையாது.

ஜிசிசி தன்னைத் தானே மூன்று முறை கட்டும். இருக்கும் கம்பைலரால் ஒரு ஜிசிசி, அதனால் இன்னொன்று, அதனால் மூன்றாவது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் ஏதோ ஓர் இடத்தில் கோளாறு. நல்ல ஏற்பாடு, நேரம்தான் மூன்று மடங்கு. இடையில் கரண்ட் போனால் நான் தொடர்வதில்லை, சுத்தமாக அழித்துவிட்டு மறுபடி தொடங்குவேன். பிளேன்டி ஊற்றிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அப்புறம் பெரிய மறைசெலவு: ஜிசிசியை வைத்துக்கொண்டதால் எல்எல்விஎம்மிலிருந்து தப்பிவிட்டோம் என்று நினைக்காதீர்கள். ரஸ்ட் என்ற நிரல்மொழியின் கம்பைலர் எல்எல்விஎம்மின் மேல் நிற்கிறது. நல்ல வரைகலை அட்டை இல்லாத கணினியில் திரையை வரையும் மேசா என்ற வரைகலை நூலகத்தின் மென்பொருள் வழியும் எல்எல்விஎம்தான். பயர்பொக்ஸுக்கு ரஸ்ட் வேண்டும். மேசைக்கணினி இயங்குதளம் என்றால் இரண்டு யானையும் வீட்டுக்கு வந்துவிடும்.

எப்போது இது நல்லது: பழைய அல்லது விநோதமான இயந்திரங்கள் இருக்கும்போது, கட்டும் கணினி ஒன்று, ஓடும் கணினி வேறு என்று இருக்கும்போது, முழு இயங்குதளமும் எப்படிக் கட்டப்படுகிறது என்று கற்க வேண்டும் என்னும்போது.

## வழி 3: கம்பைலரை வெறும் பொதியாக வெளியே விடுவது

தோட்டங்களில் நடப்பதைப் பாருங்கள். ஒரு காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் தேயிலை பெக்டரி இருந்தது. இப்போது சில தோட்டங்களில் பெக்டரி மூடிக்கிடக்கிறது. கொழுந்து லொறியில் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகிறது. கௌரவம் குறைந்ததாகப் பெரியவர்கள் வருத்தப்படுவார்கள். ஆனால் பொயிலருக்கு விறகு தேட வேண்டாம், மெஷின் பழுதுக்கு ஆள் தேட வேண்டாம்.

மூன்றாவது வழி அதுதான். டெபியனை அடித்தளமாக எடுத்தால் டெபியன் தேர்ந்தெடுத்த கம்பைலர்தான் உங்களுக்கும். டெபியன் 12-இல் ஜிசிசி 12, 2025-இல் வந்த 13-இல் ஜிசிசி 14. அந்த வெளியீடு இருக்கும்வரை கம்பைலர் அசையாது. உடைவுகளை அவர்கள் முன்பே பார்த்துவிட்டார்கள். ஹந்தானை மலையின் பெயரில் ஃபெடோரா என்ற லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு நம் நாட்டிலேயே ஒரு லினக்ஸ் வந்ததே, அதுவும் இந்த வகைதான். கம்பைலர் ஃபெடோராவுடையது, தேர்வும் தொகுப்பும் அவர்களுடையது.

செலவு என்ன? லொறி எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. டெபியன் 13 இனி 32 பிட் பென்டியம் வகைக்கு கேர்னலும் நிறுவியும் தருவதில்லை. அந்த முடிவில் உங்கள் குரல் கிடையாது, மாற்றவும் முடியாது. (பிரீபிஎஸ்டி 15-உம் அதே வகையைக் கைவிட்டது. ஆக, இது டெபியனின் தனிக் குற்றம் இல்லை.)

இன்னொரு சறுக்கல், "கம்பைலரில் ஒரே ஒரு சின்ன மாற்றம் மட்டும் நாங்கள் போட்டுக்கொள்கிறோமே" என்று தொடங்குவது. போட்ட நிமிடத்திலிருந்து அது உங்கள் கம்பைலர். டெபியன் ஒரு திருத்தம் விடும் ஒவ்வொரு முறையும் உங்கள் மாற்றத்தை மறுபடி ஒட்டி, மறுபடி கட்டி, மறுபடி சோதிக்க வேண்டும். இப்படி ஒரு வரி மாற்றத்தை இரண்டு வருடம் சுமந்துகொண்டு திரிந்தேன். கடைசியில் பார்த்தால் அது எதற்காகப் போட்டது என்றே எழுதி வைத்திருக்கவில்லை. எடுத்துவிட்டேன். ஒன்றும் உடையவில்லை.

எப்போது இது நல்லது: உங்கள் நோக்கம் இயங்குதளத்தைப் பிள்ளைகளின் கையில் கொடுப்பதாக இருந்தால். முக்கால்வாசிப் பேருக்கு அதுதானே நோக்கம்?

## யாரும் வாய்விட்டுச் சொல்லாத நாலாவது வழி

இருக்கிற கம்பைலரைத் தொடாமலே விடுவது. ஓப்பன்பிஎஸ்டி இன்றும் சில பழைய இயந்திர வகைகளுக்கு 2007-இன் ஜிசிசி 4.2.1-ஐத் தன் சொந்தத் திருத்தங்களோடு வைத்திருக்கிறது. அவர்களால் முடியும், கம்பைலரின் உள்ளே கை விடத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். மற்றவர்களுக்கு இது வட்டிக் கடன். அந்தக் கம்பைலருக்கு சி++11 தெரியாது. புது மென்பொருள் ஒவ்வொன்றும் வாசலோடு திரும்பிப் போகும்.

| | எல்எல்விஎம் உள்ளே | ஜிசிசி உள்ளே | பொதியாக வெளியே |
|---|---|---|---|
| கட்டும் செலவு | மிக அதிகம். நினைவகம் முக்கியம் | அதிகம். நேரம் முக்கியம் | ஏறக்குறைய இல்லை |
| 32 பிட் பழைய கணினி | குறைந்துகொண்டே வருகிறது | நெட்பிஎஸ்டியில் இருக்கிறது | அடித்தள இயங்குதளத்தைப் பொறுத்தது |
| மூலத் திட்டத்தின் தாளம் | 6 மாதம். பழையது உடனே கைவிடப்படும் | ஆண்டுக்கு ஒன்று. பழைய கிளைக்குச் சில ஆண்டு | அடித்தளத்தின் வெளியீட்டோடு |
| உரிமம் | அப்பாச்சி 2.0, எல்எல்விஎம் விதிவிலக்கோடு | ஜிபிஎல் 3, நூலக விதிவிலக்கோடு | எது வந்தாலும் |
| உடைவுகளைத் திருத்துவது | நீங்கள் | நீங்கள் | பெரும்பாலும் அவர்கள் |

## லிங்கரைத் தனியாக யோசியுங்கள்

கம்பைலரைத் தேர்ந்தால் லிங்கரும் தானாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை. ஜிசிசியோடு எல்எல்டியையும் பூட்டலாம், கிளாங்கோடு பின்யூட்டில்ஸ் லிங்கரையும் பூட்டலாம். ஆனால் கலக்கும் இடத்தில்தான் கதை இருக்கிறது.

பின்யூட்டில்ஸில் இருக்கும் பழைய லிங்கர் மெதுவானது. ஆனால் லிங்கர் ஸ்கிரிப்ட் (எந்தத் துண்டை எங்கே அடுக்குவது என்று லிங்கருக்குச் சொல்லும் குறிப்பு) என்று எதை எழுதினாலும் அதற்குப் புரியும். கோல்ட் என்று ஒன்று 2008-இல் வேகத்துக்காக வந்தது. 2025-இல் பின்யூட்டில்ஸ் அதைத் தன் முதன்மைப் பொதியிலிருந்து பிரித்து, காலாவதியாகப் போவதாக அறிவித்துவிட்டது. இன்னும் எங்கேயாவது கோல்டைக் கேட்கும் கட்டுமான விதி இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். எல்எல்டி வேகமானது, கேர்னலும் கட்டும். மோல்ட் என்ற லிங்கர் இன்னும் வேகம். அதை எழுதிய ருயி உயேயாமா எல்எல்டியிலும் முக்கிய பங்காற்றியவர். 2023-இல் அதன் உரிமமும் எம்ஐடிக்குத் தளர்ந்தது. ஆனால் மோல்டுக்கு லிங்கர் ஸ்கிரிப்ட் அரைகுறையாகத்தான் தெரியும், கேர்னலுக்கு ஆகாது. அன்றாடம் திருத்தித் திருத்திக் கட்டும் வேலைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், இயங்குதளத்தின் அதிகாரபூர்வ லிங்கராக வேண்டாம்.

கலப்பில் மூன்று குழிகள். ஜிசிசியின் லிங்க் நேர மேம்பாட்டை (துண்டுகளைக் கோக்கும்போது நிரல் முழுவதையும் சேர்த்துச் செப்பனிடும் முறை) எல்எல்டி புரிந்துகொள்ளாது. மோல்டும் பழைய லிங்கரும் புரிந்துகொள்ளும். இரண்டாவது சி++ நூலகம். ஜிசிசியின் நூலகத்தோடு கட்டிய ஒன்றையும் எல்எல்விஎம் நூலகத்தோடு கட்டிய ஒன்றையும் கோத்தால், எழுத்துச்சரம் போன்ற சாதாரண வகைக்கே இரண்டிலும் உள்பெயர் வேறு. லிங்கர் 'கிடைக்கவில்லை' என்று சொல்லும் பெயர் எங்கள் லயத்துப் பாட்டியின் வெற்றிலைப் பை மாதிரி நீண்டுகொண்டே போகும். இயங்குதளம் முழுவதற்கும் ஒரே சி++ நூலகம் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

மூன்றாவது, தலவாக்கலைத் தம்பிமார் நேரில் விழுந்தது. பிரீபிஎஸ்டியில் ஒழுங்காகக் கட்டப்பட்ட நிரல் டெபியனில் "அந்தச் செயற்கூறு கிடைக்கவில்லை" என்றது. நூலகம் இருக்கிறது, செயற்கூறும் அதற்குள் இருக்கிறது. காரணம் வரிசை. பழைய லிங்கர் நூலகங்களை இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்துக்கொண்டு போகும். கடந்து போன நூலகத்தைத் திரும்பிப் பார்க்காது. எல்எல்டி பார்த்ததை நினைவில் வைத்துக்கொண்டு பின்னால் தேவைப்பட்டாலும் எடுத்துக்கொடுக்கும். அதன் பெருந்தன்மையில் நம் பிழை மறைந்துவிடுகிறது. இப்படித் திரும்பிப் பார்க்க நேர்ந்தால் எச்சரிக்கும் தெரிவு எல்எல்டியிலேயே இருக்கிறது. சோதனைக் கட்டுமானத்தில் அதை எப்போதும் போட்டு வையுங்கள்.

## சரி, மூன்று பேருக்கும் என் பதில்

தலவாக்கலைத் தம்பிமாருக்கு: நீங்கள் ஏற்கெனவே முதலாம் வழியில் இருக்கும் திட்டத்துக்குள் இருக்கிறீர்கள். எல்எல்விஎம்மை உள்ளே கொண்டுவரும் வேலைக்குப் போகாதீர்கள். உங்கள் 8 ஜிபி கணினி அதற்குப் போதாது, போதுமென்றாலும் இடி மாதம் விடாது. பரிசோதனை ஓட்டத்தில் விழும் பொதிகளைத் திருத்துவதில்தான் ஆள் பற்றாக்குறை. ஒவ்வொன்றும் சின்ன வேலை, ஒரு மாலையில் முடியும், கரண்ட் போனாலும் நட்டமில்லை. டூல்செயின் பராமரிப்பில் பாதி அதுதான். முழு இயங்குதளத்தையும் கட்ட நேர்ந்தால், நிறுவியிருக்கும் கம்பைலரின் பதிப்பும் மூலத்தில் இருக்கும் பதிப்பும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால் தொடக்கக் கம்பைலரைக் கட்டும் சுற்றை அது தானே விட்டுவிடும். ஒரு இரவு மிச்சம்.

பண்டாரவளை ஆசிரியருக்கு: மூன்றாம் வழி, யோசனையே வேண்டாம் சேர். பன்னிரண்டில் ஏழு 64 பிட் கணினிகள் என்றீர்கள். அவற்றுக்கு டெபியன் 13. கம்பைலரைத் தொட வேண்டாம். தமிழ் முகப்பு, எழுத்துரு, விசைப்பலகை, இவற்றில் நேரத்தைப் போடுங்கள். மிச்சம் ஐந்தும் 32 பிட். அவற்றுக்கு டெபியன் 12 போட்டால் நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை. அதற்குப் பிறகுதான் பிரச்சினை.

பதுளைத் தங்கச்சிக்கு: இரண்டாம் வழி. நெட்பிஎஸ்டியின் மூலத்தை எடுத்து, உன் மடிக்கணினியில் டெபியன் மேலேயே 32 பிட்டுக்குக் கட்டு. முதல் தடவை எதையும் மாற்றாதே. இரண்டாம் தடவை கிளாங்கை வைத்துக் கட்டு, அதற்கு அங்கே தெரிவு இருக்கிறது. எது உடைகிறது, ஏன் உடைகிறது என்று எழுதி வை. திட்டப்பணி அறிக்கைக்கு அதுவே போதும். கட்டியதை ஓட்டிப் பார்க்க உண்மையான பழைய கணினி வேண்டும் என்று கேட்டிருந்தாய். பண்டாரவளை ஆசிரியரிடம் பேசிவிட்டேன். அந்த ஐந்தில் ஒன்றைத் தருகிறாராம். பதுளைக்கு ரயிலில் ஏற்றிவிடுவாராம். மொனிட்டர் மட்டும் நீதான் தேடிக்கொள்ள வேண்டும்.